கமலா ஆரஞ்சு: மரமும் பழமும்



இன்றைய பேச்சு கமலா ஆரஞ்சைப் பற்றியது. உரிக்கக் கத்தி வேண்டாத பழம் இது. காம்புப் பக்கம் கட்டை விரலை வைத்து அழுத்தினால் போதும். தோல் தனியாகக் கழன்று வந்துவிடும். உள்ளே சுளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் 9, 10, 11 சுளைகள் இருக்கும். வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை பங்காகப் பிரித்துக் கொடுக்கலாம்.

சாத்துக்குடியை இப்படிப் பிரிக்க முடியாது. அதன் தோல் சதையோடு ஒட்டியிருக்கும். கத்தியால்தான் வெட்ட வேண்டும். தோல் தொளதொளவென்று சட்டை போல இருந்தால் அது கமலா. இறுக்கமாக ஒட்டியிருந்தால் அது சாத்துக்குடி இனம். இந்த ஒரு அடையாளம் போதும்.

வங்காளத்தில் இதை கொமலா என்கிறார்கள். இந்தி பேசும் ஊர்களில் சந்தரா என்கிறார்கள். கன்னடத்தில் கித்தளை. ஆரஞ்சு என்பது ஆங்கிலப் பெயர் என்றுதானே நினைக்கிறோம்? அந்தப் பெயரின் கதை வேறு. தமிழில் நாரத்தை என்ற சொல் இருக்கிறது அல்லவா? அதோடு உறவுள்ள ஒரு பழைய தென்னாட்டுச் சொல்தான் வடமொழியில் நாரங்கம் ஆனது என்று மொழி அறிஞர்கள் கூறுகிறார்கள். அங்கிருந்து பாரசீகத்துக்குப் போய் நாரங் ஆனது. அரபு நாட்டில் நாரஞ்ச் ஆனது. ஐரோப்பாவுக்குப் போனபோது முன்னால் இருந்த 'ந' உதிர்ந்துவிட்டது. ஆரஞ்சு என்று திரும்பி வந்தது. நாரத்தை ஊறுகாய் போடும் அம்மாவுக்கு ஆரஞ்சு என்ற சொல் அந்நியம் இல்லை.

பெயர் மட்டும் அல்ல, மரமும் இந்தப் பக்கத்துச் சொந்தம்தான். எலுமிச்சைக் குடும்பத்து மரங்களின் மரபணுக்களை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். 2018இல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தில்தான் இந்தக் குடும்பம் பிறந்தது என்று அதில் சொன்னார்கள். அசாம், பர்மாவின் வடபகுதி, சீனாவின் யுன்னான், இவை எல்லாம் சேர்ந்த இடம் அது.

அந்தப் பக்கத்தில் மேகாலயா மாநிலத்தில் காரோ மலை இருக்கிறது. அங்கே காட்டில் தானாக வளரும் ஆரஞ்சு ஒன்று உண்டு. பழம் சிறியது. புளிப்பாக இருக்கும். காரோ மக்கள் அதை மெமாங் நாரங் என்கிறார்கள். ஆவிகளின் ஆரஞ்சு என்று பொருள். இறந்தவர்களுக்குச் செய்யும் சடங்கில் அந்தப் பழத்தை வைப்பது அவர்கள் வழக்கம். அந்தக் காட்டு மரங்களைக் காப்பாற்ற நோக்ரெக் மலையில் காப்பகம் இருக்கிறது. 1988இல் அது உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காட்டு மரத்தை ஏன் காக்க வேண்டும்? நாளை தோட்டத்து மரத்துக்குப் புது நோய் வந்தால், அதைத் தாங்கும் குணம் காட்டு மரத்தில் கிடைக்கலாம். வீட்டுக்கு விதை நெல் போல அது.

கமலா அந்தக் குடும்பத்தில் மூத்தவர்களில் ஒன்று. பம்பளிமாஸ் இன்னொரு மூத்தது. இந்த இரண்டும் கலந்ததில் பிறந்ததுதான் சாத்துக்குடி. ஆகவே உறவு முறைப்படி சாத்துக்குடிக்கு கமலா பாட்டி ஆக வேண்டும். கறிவேப்பிலையும் வில்வமும் கூட இந்தக் குடும்பத்துக்குத் தூரத்து உறவுதான். கறிவேப்பிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது மறுபடி வரும்.

நம் நாட்டில் கமலா எங்கெங்கே விளைகிறது? மேகாலயாவின் காசி மலை, அசாம், சிக்கிம், டார்ஜிலிங் மலைகள். பஞ்சாபில் கின்னோ என்ற கலப்பு வகை. கர்நாடகத்தில் குடகு. தமிழ்நாட்டில் கொடைக்கானலின் கீழ்மலையும் ஏற்காடும். ஆனால் கமலா என்றதும் நாடு முழுவதும் சொல்லும் பெயர் நாகபுரி. மகாராஷ்டிரத்தின் விதர்ப்பா பகுதியில் நாகபுரி, அமராவதி மாவட்டங்கள் இருக்கின்றன. காட்டோல், நர்கேட், வரூட், மோர்ஷி என்று வட்டம் வட்டமாக அங்கே ஆரஞ்சுத் தோட்டம்தான். போன்ஸ்லே அரசர்கள் காலத்தில் அரண்மனைத் தோட்டத்துக்கு வந்த மரம் அது. பிறகு கரிசல் காடெல்லாம் பரவியது. 2014இல் நாகபுரி ஆரஞ்சுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பழத்தை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பதற்கான சட்டக் காப்பு அது.

நாகபுரி விவசாயிகள் மரத்தை எப்படிப் பூக்க வைக்கிறார்கள் என்பதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். மரத்தைப் பட்டினி போடுகிறார்கள். தாகத்தில் தவிக்க விடுகிறார்கள்.

தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் ஆரஞ்சு மரம் இலையாகத் தள்ளும். பூக்காது. ஒரு மாதம், இரண்டு மாதம் தண்ணீரை நிறுத்தினால் வளர்ச்சி நின்றுபோகும். எத்தனை நாள் நிறுத்துவது என்பது மண்ணைப் பொறுத்தது. மணல் கலந்த மண் சீக்கிரம் காயும். கரிசல் மண்ணில் ஈரம் நெடுநாள் நிற்கும். இலை வாடித் தொங்கும். சில இலைகள் உதிரும். அந்த நாட்களில் மரம் சேர்த்த சத்து கிளையிலேயே தங்கிவிடும். அதன் பிறகு எருவும் உரமும் வைத்துத் தண்ணீர் விடுவார்கள். சில வாரத்தில் கிளை முழுவதும் வெள்ளைப் பூ. தோட்டத்துக்குப் பக்கத்தில் பேருந்து போனாலே மணம் ஜன்னல் வழியாக உள்ளே வரும்.

வருடத்தில் இரண்டு பட்டம் உண்டு. ஒன்றை அம்பியா பட்டம் என்கிறார்கள். மாமரம் பூக்கும் காலத்தில் வருவதால் அந்தப் பெயர். குளிர் முடியும் நேரத்தில், ஜனவரி, பிப்ரவரியில் பூக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பழம். இன்னொன்று மிருக் பட்டம். சூரியன் மிருகசீரிட நட்சத்திரத்தில் நுழையும் ஜூன் மாதத்தில் மழை தொடங்கும். அப்போது பூக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பழம் வரும். மிருக் பட்டத்துக்குக் கோடையில் மரத்தைக் காயப் போட வேண்டும். ஜூனில் மழை வந்தே தீர வேண்டும். மழை தவறினால் பூவும் இல்லை, பழமும் இல்லை. காயப் போட்ட நாளில் திடீர் மழை பெய்தாலும் கெட்டது. மரம் பூவுக்குப் பதில் இலை விட்டுவிடும்.

இரண்டு பட்டமும் ஒரே மரத்தில் எடுத்தால் என்ன என்று கேட்கலாம். எடுக்கலாம். மரம் சீக்கிரம் கிழடாகிவிடும்.

தாகத்துக்கும் ஒரு எல்லை உண்டு. வரூட், மோர்ஷி வட்டங்களில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. மழை நிலத்துக்குள் இறக்கிய நீரைவிட மோட்டார் மேலே இறைத்த நீர் அதிகமாகிவிட்டது. 2019 கோடையில் விதர்ப்பாவில் வறட்சி வந்தபோது ஆரஞ்சு மரங்கள் நின்ற இடத்திலேயே கருகின. நெல்லோ பருத்தியோ கருகினால் அடுத்த வருடம் விதைக்கலாம். ஆரஞ்சு மரம் கருகினால்?

அதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் 6 மீட்டர் இடைவெளி. ஒரு மரத்துக்கு 6 பெருக்கல் 6, அதாவது 36 சதுர மீட்டர் நிலம். ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர். 4,000ஐ 36ஆல் வகுத்தால் 111 வரும். ஒரு ஏக்கருக்குச் சுமார் 110 கன்று. இரண்டு ஏக்கர் வைப்பவர் 220 கன்று வாங்குகிறார். குழி வெட்டி, எரு போட்டு, தண்ணீர் விட்டு வளர்க்கிறார். சொல்லிக்கொள்ளும்படி காய் வர ஐந்தாவது வருடம் ஆகும். அதுவரை செலவு மட்டும்தான். ஐந்தாவது வருடம்தான் கன்று நல்லதா, கெட்டதா என்று தெரிகிறது. கெட்டது என்று தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி முதலாம் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். வாங்கிய பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் ஊமை என்று தெரிந்தது போல என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சு சரியில்லை. ஆனால் அவர்கள் வயிற்றெரிச்சல் உண்மை.

ஆகவே கன்று வாங்கும் நாள்தான் முக்கியமான நாள். நாகபுரியில் கன்று எப்படிச் செய்கிறார்கள்? ஜம்பேரி என்ற காட்டு எலுமிச்சையின் விதையைப் போட்டு முதலில் செடி வளர்ப்பார்கள். அது வேர்ச்செடி. அதன் தண்டில் பட்டையைக் கீறி, நல்ல ஆரஞ்சு மரத்திலிருந்து எடுத்த ஒரு மொட்டைச் செருகிக் கட்டுவார்கள். மொட்டு துளிர்த்ததும் மேலே உள்ள ஜம்பேரியை வெட்டிவிடுவார்கள். வேர் ஜம்பேரி, மரம் கமலா. வேர் பலமாக இருக்கும். பழம் இனிப்பாக இருக்கும்.

வாங்கும்போது கட்டுப் போட்ட இடத்தைப் பாருங்கள். அது மண்ணிலிருந்து சுமார் 23 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும். நடும்போதும் அந்த இடம் மண்ணுக்குள் போகக் கூடாது. மொட்டு எந்தத் தாய் மரத்திலிருந்து எடுத்தது, வேர்ச்செடி எது என்று கேளுங்கள். ரசீது கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று சாலையோரம் கட்டுக் கட்டாக விற்கும் கன்றை வாங்குவது, ஐந்து வருடத்தை அடகு வைப்பது. நாகபுரியில் 1985இல் தொடங்கிய மத்திய அரசின் எலுமிச்சை இன ஆராய்ச்சி நிலையம் நோயில்லாத கன்றுகளைச் செய்து கொடுக்கிறது.

குடகிலும் வடகிழக்கு மலைகளிலும் விதை போட்டே மரம் வளர்ப்பது பழைய வழக்கம். கமலா விதைக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரு விதை போட்டால் இரண்டு, மூன்று செடிகள் கூட முளைக்கும். அவற்றில் பெரும்பாலானவை அச்சாகத் தாயைப் போலவே இருக்கும். ஆகையால் விதைக் கன்றும் மோசம் இல்லை. ஆனால் முள் அதிகம். காய்க்க 7, 8 வருடம் பொறுக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர் விடும் முறை. வேருக்குத் தண்ணீர் வேண்டும். தண்டுக்குத் தண்ணீர் கூடாது. தோட்டம் முழுவதும் வெள்ளம் போலப் பாய்ச்சினால் தண்டு ஊறும். மண்ணில் இருக்கும் பூஞ்சணம் பட்டைக்குள் ஏறும். பட்டை வெடித்துப் பிசின் வடியும். ஒரு மரத்தைத் தொட்ட தண்ணீர் அடுத்த மரத்துக்கும் நோயைக் கொண்டுபோகும். இதனால் தண்டைச் சுற்றி மண் அணைத்து ஒரு சிறு வட்டம் போடுகிறார்கள். அதற்கு வெளியே இலை நிழல் விழும் அளவுக்கு இன்னொரு வட்டம். இரண்டு வட்டத்துக்கும் நடுவில்தான் தண்ணீர். சொட்டு நீர் போட்டால் இந்தத் தொல்லை குறைவு. தண்ணீரும் மிச்சம்.

தண்டுக்குப் பூச ஒரு பசை இருக்கிறது. போர்டோ பசை என்று பெயர். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். துத்தத்தைப் பாதித் தண்ணீரில் தனியாகக் கரைக்க வேண்டும். சுண்ணாம்பை மீதித் தண்ணீரில் தனியாகக் கரைக்க வேண்டும். பிறகு இரண்டையும் சேர்க்க வேண்டும். இரும்பு வாளி கூடாது. பிளாஸ்டிக் வாளியோ மண் பானையோ எடுத்துக்கொள்ளுங்கள். கலந்த பசையில் ஒரு இரும்பு ஆணியைச் சிறிது நேரம் போட்டு எடுங்கள். ஆணியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் கொஞ்சம் சேருங்கள். மழைக்கு முன்னால் ஒரு முறை, மழை ஓய்ந்த பின் ஒரு முறை, அடித்தண்டில் இரண்டு, மூன்று அடி உயரம் வரை பூச வேண்டும். துத்தம் நஞ்சு. பிள்ளைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிசின் நோய்க்குப் பசை இருக்கிறது. மருந்தே இல்லாத நோய் ஒன்றும் இருக்கிறது.

குடகு மலையில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே கமலா மரங்கள் நிற்கும். குடகு ஆரஞ்சின் தோல் மெல்லியது. நன்றாகப் பழுத்த பிறகும் பச்சை கலந்த மஞ்சளாகவே இருக்கும். புளிப்பும் இனிப்பும் கலந்த தனி ருசி. ஒரு காலத்தில் வண்டி வண்டியாக மலையிலிருந்து இறங்கியது. பிறகு மரங்கள் ஒவ்வொன்றாகக் காயத் தொடங்கின. இலையில் திட்டுத் திட்டாக மஞ்சள். பழம் ஒரு பக்கம் கோணல். அடிப்பக்கம் பச்சை மாறுவதே இல்லை. சுளை கசப்பு. கிளை நுனியிலிருந்து பட்டுக்கொண்டே வரும். தமிழ்நாட்டுக் கீழ்மலையிலும் இதே கதைதான். பச்சையாதல் நோய் என்று இதற்குப் பெயர்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிரிதான் காரணம். சில்லா என்ற சிறு பூச்சி நோய் மரத்தின் சாற்றைக் குடித்துவிட்டு நல்ல மரத்தில் போய் உட்காரும். நோய் அதோடு போகும். இந்தப் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் தங்கும். கறிவேப்பிலையை வெட்டிவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. இளந்தளிரில் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான். நோய் மரத்திலிருந்து மொட்டு எடுத்துக் கட்டினாலும் நோய் கன்றோடு ஊர் ஊராகப் போகும். நோய் உறுதியானால் அந்த மரத்தை வெட்டத்தான் வேண்டும். பாவம் பார்த்து விட்டுவைத்தால் பக்கத்து மரமும் போகும்.

ஏழை நாட்டு விவசாயிக்கு மட்டும் வரும் கஷ்டம் அல்ல இது. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் ஆரஞ்சுக்குப் பேர் போனது. 2005இல் இந்த நோய் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. 2003-04இல் அங்கே 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. 2024-25இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் பெட்டிதான். 20 பெட்டி இருந்த இடத்தில் ஒரு பெட்டி. பணமும் விஞ்ஞானமும் உள்ள ஊரிலேயே இந்த நிலை.

இனி பழத்துக்கு வருவோம். மாம்பழத்தைக் காயாகப் பறித்து வைக்கோலில் பழுக்க வைக்கிறோம். கமலாவை அப்படிச் செய்ய முடியாது. பறித்த பிறகு அதில் இனிப்பு ஏறாது. மரத்தில் எவ்வளவு இனித்ததோ அவ்வளவுதான். ஆகவே பழுத்த பிறகே பறிக்க வேண்டும். இழுத்துப் பிய்த்தால் காம்புப் பக்கம் தோல் கிழிந்து, அங்கிருந்து அழுகல் தொடங்கும். கத்தரியால் காம்போடு ஒட்ட நறுக்குவது நல்லது.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரவில் குளிர் இருந்தால்தான் தோல் செம்மஞ்சள் ஆகும். வெதுவெதுப்பான ஊரில் பச்சைத் தோலுக்குள்ளும் பழம் இனிப்பாக இருக்கும். கடையில் கையில் எடுத்துப் பாருங்கள். அளவுக்கு ஏற்ற கனம் இருந்தால் சாறு இருக்கிறது. பெரிதாக இருந்தும் லேசாக இருந்தால் உள்ளே சக்கை.

தோலையும் எறிய வேண்டாம். அதில் எண்ணெய் இருக்கிறது. தோலை மடக்கி விளக்குச் சுடர் பக்கம் பிதுக்கினால் படபடவென்று பொறி பறக்கும். பிள்ளைகளுக்குக் காட்டும்போது கண்ணைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

கமலாவில் வைட்டமின் சி இருக்கிறது. முன்பு கடலில் மாதக் கணக்கில் போன மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் வடியும். பல் ஆடும். பலர் செத்தும் போனார்கள். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோயாளிகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார். ஒவ்வொரு இரண்டு பேருக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இரண்டு பேர்தான் ஒரு வாரத்துக்குள் தேறினார்கள். பழத்தில் இருந்த அந்தச் சத்துதான் வைட்டமின் சி என்று பிற்காலத்தில் தெரிந்தது.

100 கிராம் கமலாவில் அந்தச் சத்து சுமார் 27 மில்லிகிராம் இருக்கிறது. பெண்களுக்கு ஒரு நாளுக்கு 65, ஆண்களுக்கு 80 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன கணக்கு. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொய்யாவில் இதைப் போலப் பல மடங்கு இருக்கிறது. நெல்லிக்காயில் அதைவிட அதிகம். ஆகவே கமலா வாங்கக் காசு இல்லையே என்று தாய்மார்கள் வருந்த வேண்டியதில்லை. வீட்டுக் கொல்லையில் கொய்யா இருந்தால் பிள்ளைக்கு அது போதும். கீரையும் கேழ்வரகும் சாப்பிடும்போது கூடவே இப்படி ஒரு பழம் சாப்பிட்டால் அதில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். டீ குடித்தால் சேர்வது குறையும். கர்ப்பிணிகள் இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்க வேண்டாம். கமலா தின்றால் சளி பிடிக்கும் என்று பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் இருப்பவர்களும் உண்டு. சளி ஒரு கிருமியால் வருகிறது. பழத்தால் அல்ல.

கடைசியாக விற்பனை. நாகபுரிப் பழத்தில் பெரும் பங்கு பழமாகவே விற்கிறது. அதைச் சாறு பிழிந்து வைத்தால் சிறிது நேரத்தில் கசப்பு ஏறிவிடும். இதனால் சாறு ஆலைகள் அதை அவ்வளவாக விரும்புவதில்லை. பழமாகவே விற்க வேண்டும் என்றால் சந்தை வேண்டும். வங்கதேசம் பெரிய சந்தையாக இருந்தது. 2019இல் அந்த நாடு கிலோவுக்கு 20 ரூபாய் அளவில் இறக்குமதி வரி போட்டது. வருடா வருடம் ஏற்றி 2023இல் 88 ரூபாய் ஆக்கியது. லாரிகள் குறைந்தன. போக வேண்டிய பழம் உள்ளூர்ச் சந்தையில் குவிந்தது. விலை விழுந்தது. டாக்காவில் போட்ட ஒரு வரி வரூட் விவசாயியின் வீட்டு அடுப்பைத் தொட்டது.

பழம் மரத்தில் இருக்கும்போதே தோட்டத்தை வியாபாரிக்குப் பேசி விடுவது அங்கே வழக்கம். முன்பணம் வரும். மீதி பிறகு. இடையில் ஆலங்கட்டி மழை பெய்யலாம். காய் கொட்டலாம். விலை விழலாம். விலை விழுந்ததும் வியாபாரி வராமலும் போகலாம். வாய்ப் பேச்சை எந்த அலுவலகத்திலும் காட்ட முடியாது. தாளில் எழுத வேண்டும். எத்தனை மரம், என்ன விலை, முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதியில், பறிப்புக் கூலி யாருடையது, காய் கொட்டினால் நட்டம் யாருக்கு. இரண்டு தாளில் ஒரே மாதிரி எழுதி, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். வியாபாரி கையில் உள்ள தாளையும் வாங்கி, முதல் வரி முதல் கடைசி வரி வரை தானே படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட வேண்டும்.